மோட்டார் சைக்கிள் ஏற்றப் பிக்கப்பா, வேனா? பட்டர்வொர்த் பட்டறையிலிருந்து ஒரு கேள்வி

பாகான் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். பாகான் டாலாமில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். பழைய மோட்டார்களை வாங்கி, பிரித்து, புதுப்பித்துக் கொடுப்பது என் தொழில். பெரும்பாலும் ஹோண்டா சி70, யமாஹா ஆர்எக்ஸ்-இசட். எப்போதாவது யாராவது ஒரு பெரிய மோட்டாரைக் கொண்டு வருவார்கள். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். மாதம் இரண்டு முறையாவது அங்கே அனுப்ப வேண்டியிருக்கிறது.

இதுவரை ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் லாரியில்தான் அனுப்பி வந்தேன். போன மாதம் நான்கு மாதம் உழைத்து முடித்த ஓர் ஆர்எக்ஸ்-இசட்டை அனுப்பினேன். வாங்கியவர் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கட்டிய பட்டை டேங்கின் பக்கவாட்டில் உரசி உரசி, மேல்பூச்சு போய், நிறமும் போய், அடியில் இருக்கும் சாம்பல் நிற முதற்பூச்சு ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. டேங்கைத் திரும்ப வரவழைத்துப் பூசிக் கொடுத்தேன். காசு போனதைவிட, அந்தப் படத்தைப் பார்த்த நேரம்தான் இன்னும் மனத்தை அறுக்கிறது.

அதனால் சொந்தமாக ஒரு வாகனம் வாங்கிவிட முடிவு செய்துவிட்டேன். கையில் 45 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. பழைய ஹைலக்ஸ் இரட்டைக் கேபின் (இரண்டு வரிசை இருக்கை உள்ள) பிக்கப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். தம்பி ஒருவர் வேன்தான் சரி என்கிறார். இரண்டையும் மோட்டார் ஏற்றப் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

பாலிக் புலாவ் ரைடர்

பிக்கப் வாங்குங்கள் அண்ணே, யோசிக்கவே வேண்டாம். நான் ஒன்பது வருடமாகப் பிக்கப்பில்தான் இரண்டு ஸ்கிராம்ப்ளர்களை (கரடுமுரடான பாதைக்கான மோட்டார்களை) ஏற்றிச் செல்கிறேன். டுரியான் தோட்டத்துப் பாதையில், மழை பெய்த மறுநாள், வேன் என்ன செய்யும்? சேறு அப்பிய மோட்டாரை அப்படியே ஏற்றி, வீட்டுக்கு வந்து பின்தட்டோடு சேர்த்துக் குழாயைப் பிடித்துக் கழுவிவிடுவேன். பெட்ரோல் வாடை மூக்கில் ஏறாது. குடும்பத்தோடு வெளியே போகவும் அதே வண்டிதான். மறுவிற்பனையிலும் பிக்கப்புக்கு விலை நிற்கும்.

செந்தூல் வேன்காரர்

நான் பதினான்கு வருடமாக மோட்டார் ஏற்றுகிற வேலையில் இருக்கிறேன். முதல் ஐந்து வருடம் பிக்கப், பிறகு ஹையஸ் பேனல் வேன் (பின்பக்கம் ஜன்னலில்லாத சரக்கு வேன்). மேலே எழுதிய தம்பிக்குப் பிக்கப் பொருந்தும். மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டவரின் வேலை வேறு. பூச்சு முடித்த மோட்டாரைத் திறந்த தட்டில் வைத்து 350 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் கொண்டு போவதை எண்ணிப் பாருங்கள். முன்னால் போகும் லாரியிலிருந்து தெறிக்கும் பொடிக்கல் ஒன்று போதும்.

ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் மோட்டாரை ஏற்றும்போது உங்களோடு எத்தனை பேர் இருப்பார்கள்? அதற்குப் பதில் சொல்லுங்கள். பிறகு பேசலாம்.

பாகான் பட்டறை

இருந்த பையன் ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டான். இப்போது நான் ஒருவன்தான். எனக்கு வயது 53. இடுப்பில் பழைய வலி ஒன்று உண்டு.

செந்தூல் வேன்காரர்

அப்படியானால் எஞ்சின், கியர், நான்கு சக்கர இழுவை எல்லாவற்றையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நீங்கள் பார்க்க வேண்டிய முதல் அளவு, தரையிலிருந்து ஏற்றும் தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது.

நேற்று இரவு என் தெருவில் நிற்கும் வண்டிகளை நாடாவால் அளந்தேன். பக்கத்து வீட்டு ஹைலக்ஸின் பின்தட்டு தரையிலிருந்து 85 சென்டிமீட்டர். என் ஹையஸின் தளம் 62. எதிர் வீட்டுத் தம்பி நிசான் என்வி200 சிறு வேன் வைத்திருக்கிறார், அது 52. சக்கர அளவும் ஸ்பிரிங்கும் மாறினால் சில சென்டிமீட்டர் முன்பின்னாக இருக்கும்.

இரண்டு மீட்டர் நீள ஏற்றுப்பலகையை வைத்துக் கணக்குப் போடுங்கள். 110 கிலோ மோட்டார் என்றால், 85 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தள்ள ஏறக்குறைய 47 கிலோ எடையைத் தூக்கும் அளவு பலம் வேண்டும். 62 என்றால் 34. 52 என்றால் 29. உராய்வு இதற்கு மேல். 210 கிலோ மோட்டாரானால் இதே கணக்கு 89, 65, 55 என்று ஆகும். இடுப்பு வலி உள்ளவர் தனியாக 89 கிலோவை எதிர்த்துத் தள்ளும்போது பாதியில் நின்றால் மோட்டார் எங்கே போகும்? உங்கள் மேல் வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. மோட்டார் பலகையில் ஏறுகிறது, நீங்கள்? 85 சென்டிமீட்டர் தட்டுக்குக் கால் எட்டாது. மோட்டாரைப் பிடித்துக்கொண்டே ஒரே எட்டில் மேலே தாவ வேண்டும். நான் பிக்கப் வைத்திருந்தபோது கீழே விழுந்ததெல்லாம் அந்த ஒரு நொடியில்தான். நான் ஒரு முறை, மோட்டார் இரண்டு முறை.

பாலிக் புலாவ் ரைடர்

அண்ணே, அதற்கு வழி இருக்கிறது. பலகைக்குப் பக்கத்தில் ஒரு உறுதியான மரப்பெட்டியைப் படியாக வையுங்கள். அதைவிட எளிது, மேடான இடம் பார்த்துப் பின்பக்கமாக வண்டியை ஒட்டி நிறுத்துவது. ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதை பல இடங்களில் சாலையைவிட ஒரு முழம் உயரமாக இருக்கும். அங்கே பின்தட்டை ஒட்டி நிறுத்தினால் பலகையின் சாய்வு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். தோட்டத்தில் மண்மேடு போதும்.

செந்தூல் வேன்காரர்

உண்மை. நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் மேடு இருக்கும் இடத்தைத் தேடிப் போய் ஏற்றுவது வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நடக்காது. கோலாலம்பூரில் அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் போய் எடுக்கச் சொல்வார்கள். தரை சிமெண்டுப் பளிங்கு மாதிரி இருக்கும், மேடு எங்கே?

அந்த நிறுத்தங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நுழைவாயிலில் உயரத் தடுப்புக் கம்பி இருக்கும். பல இடங்களில் 2.1 மீட்டர், சில பழைய கட்டடங்களில் 2 மீட்டர். சாதாரணக் கூரை ஹையஸ் 1.98 மீட்டர் வரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைவேன். உயர்கூரை வேன் வாங்கினால் உள்ளே போகவே முடியாது. பிக்கப்புக்கும் என்வி200க்கும் இந்தத் தொல்லை கிடையாது.

பந்தயத் தங்கை

நான் சுபாங்கிலிருந்து எழுதுகிறேன். சிப்பாங் ஓடுதளத்தில் ஓட்டும் நாள்களில் என் மோட்டாரை நானே ஏற்றி, நானே இறக்குவேன். உடன் யாரும் வரமாட்டார்கள். 170 கிலோ மோட்டார், என் எடை 54.

வேன் வைத்திருக்கிறேன். காரணம் இரண்டு. முதலாவது, அண்ணா சொன்ன உயரம். இரண்டாவது, இரவு. காலை ஏழு மணிக்கு ஓடுதளத்தில் இருக்க வேண்டுமென்றால் முந்திய இரவே மோட்டாரை ஏற்றி வைப்பேன். திறந்த தட்டில் விட்டுவிட்டு எனக்குத் தூக்கம் வராது. நம் ஊரில் யமாஹா ஒய்15-உம் ஆர்எக்ஸ்-இசட்டும் திருடர்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று பட்டறை வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூடிய வேனில் உள்ளே என்ன இருக்கிறது என்றே வெளியில் தெரியாது. அதற்காகவே என் வேனில் எந்த ஒட்டுப்படமும் ஒட்டவில்லை.

ஆனால் வேனில் ஒரு பொல்லாத சங்கதியும் உண்டு. உட்புற உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கதவுத் திறப்பின் உயரத்தை அளக்க வேண்டும். அது உட்கூரையைவிடத் தாழ்வாக இருக்கும். ஹையஸின் உட்புறம் 1.3 மீட்டருக்குச் சற்று மேல். காற்றுக் கண்ணாடி வைத்த பெரிய பயண மோட்டார்கள் பல 1.4 மீட்டரைத் தாண்டும். அவை நேராக உள்ளே போகாது. என் தோழி ஒருத்தியின் பிஎம்டபிள்யூ ஜிஎஸ்ஸை ஏற்றக் கண்ணாடியைக் கழற்றி, பக்கக் கண்ணாடிகளைத் திருப்பி, முன் ஃபோர்க்கை (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைத் தண்டுகளை) அழுத்திக் குனிய வைத்து ஏற்றினோம். பலகையின் உச்சியில் மோட்டார் இருக்கும்போது நம் தலையும் கதவு விளிம்பில் இடிக்கும். எனக்கு நெற்றியில் இரண்டு தையல். அதன்பிறகு விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டிவிட்டேன்.

பிறை வெல்டர்

பிக்கப், வேன் என்று இரண்டையே பேசுகிறீர்கள். கிரான் மேக்ஸ் சிறு லாரியை யாரும் சொல்லவில்லையே. 1.5 லிட்டர் பெட்ரோல். தட்டு ஏறக்குறைய 2.3 மீட்டர் நீளம், மூன்று பக்கமும் திறக்கும். சக்கர மேடு உள்ளே நீட்டிக்கொண்டிருக்காது, தட்டையாக இருக்கும். மூன்று காப்சாய் (சி70 போன்ற சிறிய மோட்டார்) நிற்கும். பக்கவாட்டிலிருந்தே பட்டை கட்டலாம், உள்ளே புகுந்து குனிய வேண்டாம். மேலே இரும்புச் சட்டம் வைத்துத் தார்ப்பாய் போட நானே செய்து தருவேன்.

இரட்டைக் கேபின் ஹைலக்ஸில் தட்டு நீளம் ஒன்றரை மீட்டர்தான். அகலமும் அதே அளவு. இதை வாங்கப் போகிறவர்கள் பலர் கவனிப்பதில்லை.

பாகான் பட்டறை

ஒன்றரை மீட்டரா? ஆர்எக்ஸ்-இசட் இரண்டு மீட்டர் வருமே. பின்கதவைத் திறந்துவைத்துத்தான் ஓட்ட வேண்டுமா?

பாலிக் புலாவ் ரைடர்

ஒரு மோட்டார் என்றால் மூலைக்கு மூலை வைக்கலாம் அண்ணே. ஒன்றரைக்கு ஒன்றரைச் சதுரத்தின் மூலைவிட்டம் 2.1 மீட்டர். காப்சாய் வகை அதில் அடங்கி, பின்கதவும் மூடும். இரண்டு என்றால் கதவைத் திறந்தாக வேண்டும். பின்சக்கரம் கதவின் மேல் நிற்கும். கதவைப் பிடித்திருக்கும் இரண்டு கம்பிவடங்கள்தான் அந்த எடையைத் தாங்குகின்றன. நான் ஸ்கிராம்ப்ளர் இரண்டை அப்படித்தான் கொண்டு போகிறேன். 20, 30 கிலோமீட்டர் தோட்டப் பாதை, அவ்வளவுதான். மாதம் இரண்டு முறை கோலாலம்பூர் என்றால்… சரி, அங்கே நான் கொஞ்சம் யோசிப்பேன்.

எண்பலகையும் பின்விளக்கும் மறையாமல் இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் சிவப்புத் துணியாவது கட்டுங்கள்.

காஜாங் கணக்கர்

எல்லாரும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் காகிதத்தைப் பற்றிப் பேசுகிறேன், ஏனெனில் இதில்தான் சிறு தொழில் செய்யும் நம்மவர்கள் மாட்டிக்கொண்டு அபராதம் கட்டுகிறார்கள்.

தீபகற்ப மலேசியாவில் சரக்கு வாகனத்துக்கு 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் உரிமம் உண்டு. பிறருடைய சரக்கைக் கூலிக்கு ஏற்றினால் 'ஏ' உரிமம். சொந்தத் தொழிலின் சரக்கை ஏற்றினால் 'சி' உரிமம். பட்டறைக்காரர் தாம் வாங்கிப் புதுப்பித்து விற்கும் மோட்டாரைக் கொண்டு போவது ஒன்று. பக்கத்துக் கடைக்காரரின் மோட்டாரையும் சேர்த்து ஏற்றி 150 வெள்ளி வாங்குவது வேறொன்று. "சும்மா ஒரு உதவிதானே" என்று தொடங்குவதுதான் பிறகு கூலி வேலையாக மாறும். நீங்கள் வாங்கப் போகும் வண்டிக்கு எந்தப் பதிவு, எந்த உரிமம், ஓட்டுவதற்கு ஜிடிஎல் (சரக்கு வாகன ஓட்டுநர் உரிமம்) வேண்டுமா என்பதை, பணம் கொடுப்பதற்கு முன்னால், வண்டியின் பதிவு அட்டை நகலோடு அபாட் (தரைப் பொதுப் போக்குவரத்து முகமை), ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகங்களில் நேரில் கேட்டுவிடுங்கள். விற்கிறவர் வாய்மொழியாகச் சொல்வதை நம்ப வேண்டாம்.

வணிகச் சரக்கு வாகனம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போக வேண்டும். இருக்கை வைத்த ஜன்னல் வேன் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சரக்கு ஏற்றினால் அது அனுமதியில்லாத மாற்றம். வேன் என்றால் பேனல் வேனாகவே பார்த்து வாங்குங்கள்.

காப்புறுதி: உங்கள் வாகனத்தின் முழுக் காப்புறுதி வாகனத்துக்குத்தான். உள்ளே நிற்கும் மோட்டாருக்கு அல்ல. அதற்குப் பயணச் சரக்குக் காப்புறுதி தனியாக எடுக்க வேண்டும். நான்கு மாத உழைப்பு என்று எழுதியிருந்தீர்கள். அந்த உழைப்பு காப்புறுதி இல்லாமலா நெடுஞ்சாலையில் போக வேண்டும்?

பிறை வெல்டர்

டீசலையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது நினைவிருக்கும். அதற்குப் பிறகு அது சந்தை விலையோடு ஏறி இறங்குகிறது. ஹைலக்ஸும் ஹையஸும் நம்மூரில் பெரும்பாலும் டீசல்தான். என்வி200, கிரான் மேக்ஸ் இரண்டும் பெட்ரோல். மானியம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பது வண்டியின் பதிவைப் பொறுத்தது.

சுங்கக் கட்டணத்தில் வித்தியாசம் இல்லை. நான்கு சக்கரப் பிக்கப்பும் வேனும் ஒரே வகுப்பு.

ஆயர் ஈத்தாம் ஆசிரியர்

ஒரு சின்னத் தகவல். பினாங்குத் தீவுக்குள் இருக்கும் வாடிக்கையாளருக்கு மோட்டார் கொடுக்க எந்த வண்டியும் வேண்டாம். பெர்ரியில் 2021 முதல் கார், வேன் ஏற்றுவதில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் போகலாம். 2019 ஜனவரி முதல் இரண்டு பாலங்களிலும் மோட்டாருக்குக் கட்டணமும் இல்லை. ஓடும் நிலையில் இருக்கும் மோட்டாரை ஓட்டிக்கொண்டே போய்க் கொடுத்துவிட்டு, திரும்பி வரப் பெர்ரியில் ஏறிவிடலாம். வண்டி வேண்டியது கோலாலம்பூர்ப் பயணத்துக்கும், ஓடாத மோட்டாரை வாங்கி வருவதற்கும்தான்.

பாகான் பட்டறை

ஆசிரியர் ஐயா, இதை நான் யோசித்ததே இல்லை. தீவு வாடிக்கையாளர்களைக் கழித்துவிட்டால் என் கணக்கே மாறுகிறது. நன்றி.

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். இடையில் ஒரு வேலை செய்தேன். பட்டறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் நான்கு கட்டங்கள் போட்டேன். ஹைலக்ஸுக்கு ஒன்றரைக்கு ஒன்றரை. என்வி200க்கு இரண்டுக்கு ஒன்றரை. கிரான் மேக்ஸ் தட்டுக்கு 2.3க்கு ஒன்றரை. ஹையஸுக்கு மூன்றுக்கு ஒன்றரை. வேன்களில் சக்கர மேடுகள் எங்கே வரும் என்பதற்கு இரண்டு எண்ணெய் டின்களை வைத்தேன். பிறகு இருக்கும் மோட்டார்களைக் கட்டத்துக்குள் தள்ளி நிறுத்திப் பார்த்தேன்.

ஹைலக்ஸ் கட்டத்தில் ஆர்எக்ஸ்-இசட் மூலைக்கு மூலை நின்றது. அதன் பக்கத்தில் ஒரு கருவிப்பெட்டி வைக்கத்தான் இடம் மிச்சம். சி70 இரண்டை வைத்தால் இரண்டின் பின்சக்கரமும் கோட்டுக்கு வெளியே.

என்வி200 கட்டத்தில் சி70 இரண்டு நின்றன. இரண்டையும் ஒரே திசையில் நிறுத்தியபோது ஹேண்டில்கள் மோதின. ஒன்றை முன்பக்கமாகவும் மற்றதைப் பின்பக்கமாகவும் திருப்பி, ஒரு சாண் முன்பின்னாகத் தள்ளியதும் ஹேண்டில்களுக்கு நடுவே என் கை நுழைந்தது. ஆர்எக்ஸ்-இசட் இரண்டுக்குப் பக்கக் கண்ணாடிகளைக் கழற்ற வேண்டியிருந்தது. மூக்கு இருக்கையின் முதுகைத் தொடும் அளவுக்கு நெருக்கம். கிரான் மேக்ஸ் கட்டத்தில் மூன்றும், ஹையஸில் மூன்றும் நின்று இடமும் மிஞ்சியது.

பையனை வேலைக்கு வைத்த காலத்தில் இப்படி அளந்து பார்த்ததே இல்லை. இருவர் தூக்கினால் எதுவும் எங்கும் நுழையும் என்று இருந்துவிட்டேன்.

செந்தூல் வேன்காரர்

சுண்ணாம்புக் கோடு போட்டீர்களே, அதற்கே உங்களைக் கும்பிட வேண்டும். பிக்கப் விற்பவர் எவரும் அந்தக் கோட்டைப் போட்டுக் காட்டமாட்டார்.

அடுத்து, கட்டும் முறை. வண்டி எதுவானாலும் டேங்கைக் காப்பாற்றப் போவது இதுதான்.

பட்டை எந்த இடத்திலும் பூசிய பாகத்தைத் தொடக்கூடாது. ஆர்எக்ஸ்-இசட்டில் ஹேண்டிலில் நேரடியாகக் கட்டாதீர்கள். முன் ஃபோர்க்கின் கீழ்க் கவ்வியைச் சுற்றி மென்மையான துணி வளையம் போட்டு, அந்த வளையத்தில் பட்டையின் கொக்கியை மாட்டுங்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. முன்னிரண்டும் இடமும் வலமுமாக விரிந்து இழுக்க வேண்டும். பட்டையின் ராட்செட்டை (இறுக்கும் பிடியை) இறுக்கும்போது ஃபோர்க் பாதிவரை அமுங்கினால் போதும். கடைசிவரை அமுக்கி 350 கிலோமீட்டர் கொண்டு போனால் ஃபோர்க்கின் எண்ணெய் அடைப்பு ரப்பர் கிழியும். இறக்கியதும் ஃபோர்க் தண்டில் எண்ணெய் வளையம் தெரிந்தால், அது அதிகமாக இறுக்கியதன் அடையாளம்.

சைடு ஸ்டாண்டில் சாய்த்துக் கட்டுவது பெரிய தவறு. ஸ்டாண்டை மடக்கி, நேராக நிறுத்தி, கியரில் போட்டுவிடுங்கள். முன்சக்கரத்தைக் கவ்வும் இரும்புத் தாங்கி ஒன்றைத் தளத்தில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் தனியாள் வேலை பாதியாகக் குறையும். மோட்டார் தானாக நிற்கும். நீங்கள் இரண்டு கையாலும் பட்டையைக் கட்டலாம்.

பந்தயத் தங்கை

அண்ணா சொன்னதோடு ஒன்று. காப்சாய்களில் ஹேண்டிலைச் சுற்றி பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. அதன் மேல் பட்டை போட்டால் மூடி வெடித்துவிடும். புதிய மூடி எங்கும் கிடைக்காத பழைய மோட்டார்களுக்கு இது பெரிய இழப்பு. முன் மூடியின் உள்பக்கம் கைவிட்டு ஃபோர்க் தண்டில் வளையத்தைப் போடுங்கள்.

கிளம்பி அரை மணி நேரத்தில் ஒரு முறை நிறுத்திப் பட்டைகளைத் தொட்டுப் பாருங்கள். சக்கரம் தளத்தில் பதிந்து, முதலில் கட்டிய இறுக்கம் நிச்சயம் தளர்ந்திருக்கும். வடக்கிலிருந்து வருகிறவர்கள் கூனோங் செமாங்கோல் ஓய்விடத்தில் பசியாற நிறுத்துவார்கள் அல்லவா, அங்கே முதலில் பின்கதவைத் திறங்கள், பிறகு சாப்பிடுங்கள். மெனோரா சுரங்கத்தைத் தாண்டி ஈப்போவை நோக்கி இறங்கும் அந்த நீண்ட சரிவில் பிரேக் போட்டுக்கொண்டே வருவீர்கள். மோட்டாரின் முழு எடையும் முன்னால் சாயும். தளர்ந்த பட்டை அங்கேதான் கழலும்.

வேன் என்றால் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிறை வெல்டர் அண்ணாவிடம் சொல்லி முறைப்படி அனுமதியோடு போடுங்கள். இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். 110 கிலோ இரும்பு உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது.

பாலிக் புலாவ் ரைடர்

பெட்ரோல் வாடை பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. ஆர்எக்ஸ்-இசட் டூ-ஸ்ட்ரோக். கார்பரேட்டர். மூடிய வேனுக்குள், மத்தியான வெயிலில்? நான் இதைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. தலைசுற்றல் வந்தால் ஓட்டுவது யார்?

செந்தூல் வேன்காரர்

நியாயமான கேள்வி. இதில் பிக்கப்தான் மேல், ஒப்புக்கொள்கிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தளத்தோடு தங்கும்.

நான் செய்வது இது. ஏற்றுவதற்கு முன் பெட்ரோல் குழாயின் திருகை மூடிவிட்டு எஞ்சினை ஓடவிடுவேன். கார்பரேட்டரில் தங்கியிருப்பது எரிந்து தீர்ந்து எஞ்சின் தானாக அணையும். ஓடாத மோட்டார் என்றால் கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு போத்தலில் வடித்துவிடுவேன். டேங்கில் கால் பங்குக்கு மேல் பெட்ரோல் வைப்பதில்லை. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அதை மாற்றாமல் ஏற்றுவதே இல்லை. ஜன்னல் இரு பக்கமும் சிறிது திறந்திருக்கும். வேனுக்குள் புகைபிடிப்பவரை ஏற்றமாட்டேன், அது என் அண்ணனாக இருந்தாலும் சரி.

பாகான் பட்டறை

இரண்டு வாரம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஹைலக்ஸை விட்டுவிட்டேன். நல்ல வண்டிதான், எஞ்சின் சுத்தம். ஆனால் விற்பவரின் வீட்டு வாசலிலேயே அனுமதி கேட்டு, நான் கொண்டுபோன சி70ஐப் பலகையில் தள்ளிப் பார்த்தேன். மூன்றில் இரண்டு பங்கு போனதும் கை நடுங்கியது. விற்பவரின் மகன் ஓடிவந்து பின்னால் பிடித்தான். சி70 எவ்வளவு லேசு என்று உங்களுக்கே தெரியும். அதுவே அப்படி.

கிரான் மேக்ஸ் லாரியை மிகவும் ஆசையோடு பார்த்தேன். பிறை வெல்டர் தம்பி நேரிலேயே வந்து சட்டத்துக்கு அளவெடுத்தார். ஆனால் மோட்டார் எடுத்துவரும் இடங்களில் இரவு தங்க நேர்கிறது. தார்ப்பாயைக் கத்தியால் கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பூச்சு வேலை முடித்த மோட்டாரை மழைச்சாரல், தூசு எதுவும் படாமல் கொண்டு போகவும் வேண்டும். அதனால் அதையும் விட்டேன்.

பெர்மாத்தாங் பாவ் பக்கம் ஒருவரிடம் என்வி200 பேனல் வேன் கிடைத்தது. வாங்குவதற்கு முன் ஆர்எக்ஸ்-இசட்டை ஏற்றிப் பார்த்தேன். தனியாக. முதல் கியரில் போட்டு, எஞ்சின் அணைந்த நிலையில், கிளட்சைப் பிடித்தபடி தள்ளினேன். பாதியில் களைப்பு வந்ததும் கிளட்சை விட்டேன். மோட்டார் பலகையின் நடுவிலேயே அசையாமல் நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தள்ளினேன். தளத்துக்கு ஒரு எட்டில் ஏற முடிந்தது. இடுப்பு வலிக்கவில்லை. அன்றே முன்பணம் கொடுத்துவிட்டேன். காஜாங் ஐயா சொன்னபடி பதிவு அட்டை நகலை எடுத்துக்கொண்டு போய் உரிமம் பற்றிக் கேட்டு, எழுதி வாங்கி வந்த பிறகுதான் மீதிப் பணம் கொடுத்தேன். பயணச் சரக்குக் காப்புறுதிக்கும் விண்ணப்பித்திருக்கிறேன்.

200 கிலோவுக்கு மேற்பட்ட மோட்டார்களை நான் ஏற்றப் போவதில்லை. செந்தூல் அண்ணே, அவற்றை உங்களிடமே கொடுத்துவிடுகிறேன். மாதம் ஒன்று வந்தாலே அதிகம்.

பாலிக் புலாவ் ரைடர்

வாழ்த்துகள் அண்ணே. ஸ்கிராம்ப்ளர் வாங்கினால் மட்டும் என்னிடம் சொல்லுங்கள், தோட்டத்துக்கு என் பிக்கப்பில் போவோம்.

செந்தூல் வேன்காரர்

மகிழ்ச்சி ஐயா. பெரிய மோட்டார்களை அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். பலகை எவ்வளவு நீளம் வாங்கியிருக்கிறீர்கள்? 2.4 மீட்டரில் மடக்கும் அலுமினியப் பலகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். இரண்டு மீட்டரைவிடச் சாய்வு இன்னும் குறையும். பலகையின் மேல் நுனியை ஒரு பட்டையால் வண்டியோடு கட்டாமல் ஒருபோதும் ஏற்றாதீர்கள். பின்சக்கரம் ஏறும் நேரத்தில் பலகை பின்னால் வழுக்கும்.

பாகான் பட்டறை

இரண்டு மீட்டர்ப் பலகையைத்தான் இரவல் வாங்கி ஏற்றினேன் அண்ணே. நீங்கள் சொன்ன பிறகு 2.4 மீட்டருக்கு முன்பதிவு செய்துவிட்டேன். மடக்கினால் வேனின் ஒரு பக்கச் சுவரோடு நிற்குமா என்று சுண்ணாம்புக் கட்டத்தில் வைத்துப் பார்த்தேன், நிற்கிறது. முன்சக்கரத் தாங்கியைப் பிறை வெல்டர் தம்பி வெள்ளிக்கிழமை கொண்டு வருகிறார், தடுப்புக்கும் அன்றே அளவெடுப்பார். டேங்க் பூசிக் கொடுத்தேனே, அதே வாடிக்கையாளர் இன்னொரு ஆர்எக்ஸ்-இசட் கேட்டிருக்கிறார். அது அடுத்த மாதம் பத்தாம் தேதி வாக்கில் தயாராகும். தடுப்பு அதற்குள் முடிந்துவிட்டால் நானே கொண்டுவந்து அவர் கையில் கொடுப்பேன். அன்று செந்தூலில் இருப்பீர்களா? நான் கட்டியிருக்கும் முறையை நீங்கள் ஒரு முறை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

செந்தூல் வேன்காரர்

இருப்பேன். ரவாங் தாண்டியதும் அழையுங்கள்.